கேட்கும் காதும் பாடும் வாயும்

நம்மைவிட உயர்ந்தவர்கள் என்று நாம் ஒப்புக்கொண்டவர்களிடம் பாடம் கற்பது எளிது. நபிமார்களின் வரலாற்றிலும் நல்லடியார்களின் வாழ்விலும் நாம் படிப்பினை தேடுவதில் வியப்பில்லை. ஆனால், எந்தத் தொழிலை நம் வீட்டுப் பெண்ணுக்கு ஒருபோதும் அனுமதிக்க மாட்டோமோ, அந்தத் தொழிலில் வாழ்ந்த ஒருத்தியிடம் வாழ்க்கைப் பாடம் கற்க முடியுமா? கற்றுக்கொண்ட பின்னும் அவளைத் தாழ்வாகவே எண்ணிக்கொண்டிருப்பது நேர்மையாகுமா? எழுபதை நெருங்கும் இந்த வயதில் என்னை விடாமல் தொடரும் கேள்வி இது. இதை நான் நூல்களிலிருந்து எடுக்கவில்லை. என் சமையற்கட்டிலிருந்து எடுத்தேன்.

நான் பிறந்த வீட்டில் பெண்கள் கோஷா. நாடகக் கொட்டகையையோ திரைப்படக் கொட்டகையையோ நானும் ராத்தாமாரும் வெளிப்புறத்திலிருந்து பார்த்ததோடு சரி. ஆயினும் வாப்பா ஒரு வானொலிப் பெட்டி வாங்கி வைத்திருந்தார்கள். எங்களுக்குத்தான் கோஷா, குரல்களுக்குக் கோஷா இல்லை. அவை சுவரைத் தாண்டி வந்தன, அரிசி களையும்போதும் அம்மியில் அரைக்கும்போதும் எங்களோடு இருந்தன. அடுத்த தெருத் தேநீர்க் கடையிலிருந்து கே.பி.சுந்தராம்பாளின் கணீரென்ற குரல் எழும்போது, உம்மா அரைப்பதைச் சற்றே நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். பாட்டு முடிந்ததும், "என்ன இருந்தாலும் கூத்தாடிதானே" என்று ஒரு சொல்லை உதிர்த்துவிட்டு மீண்டும் அரைக்கத் தொடங்குவார்கள். அந்த இரண்டுக்கும் இடையில் ஒரு முரண் இருப்பதாக அன்று எனக்குத் தோன்றவில்லை. பின்னாளில் நானும் அவ்வாறே ஆனேன்.

திருமணத்துக்குப் பின் என் கணவர் பிழைப்புக்காக வளைகுடா சென்றார்கள். முதல் விடுமுறையில் ஒலிநாடாப் பெட்டி ஒன்றும், எகிப்தியப் பாடகி உம்மு குல்தூமின் நாடாக்கள் சிலவும் கொண்டுவந்தார்கள். முதன்முதல் அது ஒலித்தபோது, அரபு மொழி காதில் விழுந்ததுமே என் மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, காலை மடக்கி அமர்ந்துவிட்டார்கள். காதல் பாட்டு என்று அவர்களிடம் சொல்ல எவருக்கும் துணிவு வரவில்லை. இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் மாமி முற்றிலும் தவறாகவும் நினைத்துவிடவில்லை என்பதைப் பிறகு அறிந்தேன். அதைப் பின்னே சொல்கிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிட வேண்டும்.

1990ஆம் ஆண்டு. என் மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. நல்ல குரல். பள்ளி ஆண்டு விழாவில் வரவேற்புப் பாட்டுப் பாட அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பள்ளிவிட்டு ஓடோடி வந்து மூச்சு வாங்கச் சொன்னாள். நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். "நம்ம வீட்டுப் பிள்ளை மேடை ஏறிப் பாடுறதா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஒலிநாடாப் பெட்டி பாடிக்கொண்டிருந்தது. நான்தான் போட்டிருந்தேன். பிறகு, "சரி உம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதன்பின் அவள் பாடி நான் கேட்டதில்லை. கொல்லையில் துணி உலர்த்தும்போது கூட ஒரு முணுமுணுப்பு இல்லை. சொன்ன சொல் தட்டாத பிள்ளை என்று நான் பெருமைப்பட்டேன். ஆண்டுகள் கழிந்தன. தலைப் பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்திருந்தாள். தொட்டிலில் குழந்தை அழுதது. "ஒரு தாலாட்டுப் பாடேன், மகளே" என்றேன். தொட்டிலை ஆட்டிக்கொண்டே, "எனக்குப் பாட வராது உம்மா" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. நான் தடுத்தது ஒரு மேடையை. அடைபட்டுப் போனதோ ஒரு தொண்டை.

அன்றிலிருந்துதான், இத்தனை காலம் என் அடுப்படியில் பாடிய அந்தப் பெண்கள் யார், எப்படி வாழ்ந்தார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். அவர்களில் மூவரைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

உம்மு குல்தூம், நைல் நதியின் கழிமுகப் பகுதியில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். அவருடைய தந்தை அவ்வூர்ப் பள்ளிவாசலின் இமாம். வருவாய் போதாமையால் திருமண வீடுகளில் சமயப் பாடல்கள் பாடி வந்தார். மகனுக்கு அவர் பாடம் சொல்லிக் கொடுத்ததை ஒட்டுக்கேட்டே மகள் கற்றுக்கொண்டாள். சிறுமியின் குரலைத் தந்தை கேட்டார். ஒரு பெண் பிள்ளை பலர் முன் பாடுவதா என்ற கூச்சம் அவருக்கும் இருந்தது. ஆகவே அவளுக்கு ஆண் பிள்ளையின் அங்கி அணிவித்து, தலைப்பாகை கட்டி அழைத்துச் சென்றார். 1920களில் அந்தக் குடும்பம் கெய்ரோவுக்குக் குடியேறியது. பின்னாளில் மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவுகளில் வானொலி வழியே அவர் குரல் ஒலித்தபோது, அரபு நாடுகளின் தெருக்கள் வெறிச்சோடின என்பார்கள். 1967 போரில் எகிப்து தோற்றுத் துவண்டிருந்த வேளையில், பாரிஸ் முதலிய நகரங்களில் பாடி, திரண்ட பணத்தைத் தம் நாட்டுக்கே அளித்தார். 1975 பிப்ரவரி 3ஆம் நாள் அவர் மறைந்தபோது, மக்கள் வெள்ளம் ஜனாஸாவைத் தன் தோள்களில் ஏற்றிக்கொண்டு சென்றது.

மாமி முக்காட்டைச் சரிசெய்ததைச் சொன்னேன் அல்லவா? உம்மு குல்தூம் சிறு வயதில் கிராமத்து மக்தபில் குர்ஆன் ஓதிப் பழகியவர். ஒவ்வோர் எழுத்தையும் அதன் பிறப்பிடத்திலிருந்து எடுத்து, உரிய அளவு நீட்டி உச்சரிக்கும் அந்தப் பயிற்சியே அவருடைய பாட்டின் தெளிவுக்கு அடிப்படை என்று இசை அறிந்தோர் கூறுவர். மாமியின் காதுக்கு எட்டியது பாட்டின் பொருளன்று, அந்த உச்சரிப்பின் ஒழுக்கம்.

ஆனால் என் நெஞ்சைத் தொட்டவர் மகளைவிடத் தந்தைதான். அவருக்கும் என்னுடைய அச்சமே இருந்தது. "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்னும் கேள்வி நைல் நதிக்கரையிலும் உண்டு. அவர் பிள்ளையின் வாயை மூடவில்லை, உடையை மாற்றினார். அந்த வழி சிறந்த வழியா என்பது வேறு. அவர் ஒரு வழி தேடினார். நான் தேடவே இல்லை.

இரண்டாமவர் பேகம் அக்தர். 1914இல் பைசாபாதில் பிறந்து, அக்தரிபாய் என்ற பெயரில் கஸலும் தும்ரியும் பாடிப் புகழ் பெற்றவர். எங்கள் பக்கத்து வீட்டில் உருது பேசும் அம்மையார் ஒருவர் இருந்தார். வானொலியில் அக்தரின் பாட்டு வரும்போதெல்லாம் ஓடிவந்து வரிக்கு வரி பொருள் சொல்வார். 1945இல் லக்னோவைச் சேர்ந்த ஒரு பாரிஸ்டரை மணந்தார் அக்தர். நல்ல குடும்பத்து மருமகள் பாடலாகாது என்ற எண்ணத்தால் பாட்டு நின்றது. மதிப்பு வந்தது, மாளிகை வந்தது, பேகம் என்ற பட்டமும் வந்தது. உடல் மட்டும் நலிந்துகொண்டே போனது. பாட்டே அவருக்கு மருந்து என்று உற்றார் உணர்ந்தனர். 1949இல் லக்னோ வானொலி நிலையத்தில் அவர் மீண்டும் பாடினார். அதன்பின் 1974இல் அகமதாபாத்தில் உயிர் பிரியும் காலம் வரை பாட்டை விடவில்லை. பேகம் என்ற பெயரையும் விடவில்லை.

இந்த வரலாற்றைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கண்ணியம் என்று நாம் கொடுத்த ஒன்று, ஒரு பெண்ணைப் படுக்கையில் தள்ளியிருக்கிறது. கொடுத்தவர்கள் தீயவர்கள் அல்லர், அன்புள்ளவர்கள். அன்புள்ளவர்களும் தவறு செய்யக்கூடும் என்பதைத் தாய்மார்களாகிய நாம் எளிதில் ஒப்புவதில்லை. "நான் அவள் நன்மைக்காகத்தானே சொன்னேன்" என்ற ஒரு வாக்கியம் நம்மிடம் எப்போதும் தயாராக இருக்கிறது.

மூன்றாமவர், என் உம்மா கேட்டுக் கேட்டுப் பழித்த அந்தச் சுந்தராம்பாள். 1908இல் கொடுமுடியில் வறிய குடும்பத்தில் பிறந்து, ரயிலில் பாடிப் பிழைத்த சிறுமி. மேடைக்கு வந்தார், தம்மோடு நடித்த எஸ்.ஜி.கிட்டப்பாவை மணந்தார். 1933இல் கிட்டப்பா காலமானபோது சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து வயதுதான். அன்று உடுத்த வெள்ளைச் சேலையை இறுதிவரை மாற்றவில்லை. எந்த ஆண் நடிகருக்கும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். திரைப்படத்துக்கு அழைத்தார்கள், மறுத்தார். பின்னர், 1935இல் வெளியான படத்தில் நந்தனாராக, ஆண் வேடத்தில் நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். அக்காலத்தில் எவரும் எண்ணிப் பார்க்காத தொகை. பிற்காலத்தில் சட்டமன்ற மேலவையிலும் உறுப்பினராக அமர்ந்தார். 1980இல் மறைந்தார்.

"கூத்தாடி" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இத்தனையும் அடங்குமா? கணவரிடம் காட்டிய பற்று, தனக்குத் தானே வகுத்துக்கொண்ட எல்லை, தன் உழைப்புக்கு உரிய விலையைத் தலைநிமிர்ந்து கேட்ட துணிவு: இவற்றுள் எது நம் வீட்டுப் பெண்ணுக்கு வேண்டாதது? நாம் நம் மகள்களுக்கு நாள்தோறும் போதிக்கும் கற்பையும் கட்டுப்பாட்டையும், நாம் பழித்த ஒருத்தி கோடிக் கண்கள் காண வாழ்ந்து காட்டினாள். காவல் நிறைந்த வீட்டுக்குள் இருந்துகொண்டு ஒழுக்கமாக வாழ்வதற்கும், ஆயிரம் பேர் பார்வையில் நின்று தன்னைத் தானே காத்துக்கொள்வதற்கும் வேறுபாடு இல்லையா?

இதைப் படிக்கும் சகோதரிகள் என்னைத் தவறாக எண்ண வேண்டாம். பிள்ளைகளை மேடைக்கு அனுப்புங்கள் என்று சொல்ல நான் எழுதவில்லை. இசையைக் குறித்து உலமாப் பெருமக்களிடையே மாறுபட்ட கருத்துகள் உண்டு. தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. புகழும் பணமும் இரவு வாழ்வும் சேர்ந்து எத்தனையோ கலைஞர்களைச் சிதைத்திருப்பதையும் நான் மறுக்கவில்லை. பாட்டையே தவிர்த்து, வானொலியையும் அணைத்துவிட்டுப் பேணுதலோடு வாழும் ஒருவர், "என் மகள் பாட வேண்டாம்" என்று சொன்னால், அதில் ஒரு நேர்மை இருக்கிறது. அவருக்கு நான் தலை வணங்குகிறேன்.

என் நிலை அதுவன்று. நான் கேட்டேன், சுவைத்தேன். மாமி கடிந்த நாளிலும், கணவர் கடிதம் வராத நாளிலும் அந்தக் குரல்களில் ஆறுதல் அடைந்தேன். அவற்றைத் தந்தவளை மட்டும் வாசலுக்கு வெளியே நிறுத்தினேன். கேட்கும் காதுக்கு ஒரு நியாயம், பாடும் வாய்க்கு ஒரு நியாயமா? மார்க்கத்தின் பெயரால் மகளைத் தடுத்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என்னைத் தடுத்தது மார்க்கமன்று, நாலு பேர். இறைவனுக்கு அஞ்சுவதும் ஊருக்கு அஞ்சுவதும் வெளித் தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். முன்னது மனிதரை நேர்மையாக்கும். பின்னது இரட்டை நாக்கு உடையவராக்கும்.

ஒரு பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரண்டு சிறுமியர் பாடிக்கொண்டிருந்தனர். அங்கு வந்த அபூபக்கர் (ரலி) அவர்கள் கடிந்தபோது, அவர்களை விட்டுவிடுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் கூறினார்கள். இது நமது பெருநாள் என்றார்கள். இந்நிகழ்ச்சியிலிருந்து எந்த அளவு சட்டம் எடுக்கலாம் என்பதை அறிஞர்கள் சொல்லட்டும். நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: அந்தச் சிறுமியரின் முகம் வாடவில்லை. என் மகளின் முகம் வாடியது.

சென்ற நோன்புப் பெருநாளன்று, அனைவரும் உறங்கிய பின், மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எனக்கு எப்பவோ மறந்து போச்சு உம்மா" என்றாள். எதை என்று நான் சொல்லி முடிக்கும் முன்பே அந்த மறுமொழி வந்துவிட்டது. மறக்கவில்லை என்பதை அதனாலேயே அறிந்துகொண்டேன்.

அவளுடைய இளைய மகளுக்கு இப்போது பதினொரு வயது. பள்ளியில் பாடக் கேட்டிருக்கிறார்களாம். "நீங்க என்ன சொல்றீங்க உம்மா?" என்று மகள் என்னிடம் வந்து நின்றாள். முடிவு சொல்ல வேண்டியவர்கள் நீயும் உன் கணவரும் என்றேன். பிறகு பேத்தியை அருகே அழைத்து உட்கார்த்தி, "எங்கே, எனக்கு முதலில் பாடிக் காட்டு" என்றேன். பாடினாள். கதவோரம் நின்றிருந்த என் மகளின் உதடுகள் உடன் அசைந்தன. குரல் வரவில்லை. ஆனால் அசைந்தன.

தந்த குரலுக்குக் கணக்குக் கேட்பவன் இறைவன். அதைத் தடுத்த கைகளுக்கும் அவன் கணக்குக் கேட்கக்கூடும் என்று அஞ்சுகிறேன். நம் பிள்ளைகளைக் காக்கும் வேளையில், அவர்களுக்கு அவன் அளித்த அருட்கொடைகளையும் சேர்த்துக் காக்கும் அறிவை நமக்கு அவன் அருள்வானாக.