அனுபவ பாத்தியதை

1

பூர்வீகத்தைத் தேடிப் போகிறவன் பெரும்பாலும் தன்னைவிடப் பெரிய ஒருவரைத்தான் தேடிப் போகிறான். நானும் அப்படித்தான் போனேன்.

பேத்தியின் பள்ளிக்கூடத்தில் வம்சாவளி மரம் ஒன்று வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா, தாத்தா, தாத்தாவுக்கு அப்பா. அதோடு எனக்குத் தெரிந்த பெயர்கள் தீர்ந்துவிட்டன. பெண்களின் பெயர்கள் அதற்கு முன்னாலேயே தீர்ந்துவிட்டிருந்தன. செங்கல்பட்டு மாவட்டத்தில் எங்கள் கிராமம். தாலுகா ஆபீஸிலும் சார்பதிவாளர் ஆபீஸிலும் தேடினால் இன்னும் இரண்டு பெயராவது கிடைக்காதா என்ற எளிய ஆசை. எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு பெயர். அது எங்கள் வம்சத்தைச் சேர்ந்தவருடையது அல்ல.

2

சர்க்கார் பதிவேடு மனிதனை ஞாபகம் வைத்துக்கொள்வதற்காக எழுதப்பட்டதல்ல, வசூலிப்பதற்காக எழுதப்பட்டது. இந்த சாதாரண உண்மையை மறந்துவிட்டு அதன்முன் உட்கார்ந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ராயத்வாரி முறையில் சர்க்கார் ஒவ்வொரு பட்டாதாரனோடும் நேரடியாகக் கணக்கு வைத்துக்கொண்டது. அதனால்தான் பெயர்கள் இருக்கின்றன. 'அ' பதிவேட்டில் புல எண், நஞ்சையா புஞ்சையா, மண்ணின் தரம், தீர்வை, விஸ்தீரணம், கடைசியில் பட்டாதாரன் பெயர். மண்ணுக்குத்தான் விவரணை, மனிதன் அதன் ஒரு கலம். அடங்கலில் அந்தந்தப் பசலியில் என்ன பயிர், யார் அனுபவம் என்று இருக்கும். சார்பதிவாளர் ஆபீஸில் சொத்துப் பத்திரங்களின் நகல்கள் ஒன்றாம் புத்தகத்தில் இருக்கின்றன. எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் பெயர்களுக்கு ஓர் அட்டவணை, சொத்துக்கு இன்னொன்று. கட்டணம் செலுத்திக் கேட்கிற எவருக்கும் இவற்றைக் காட்ட வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். உயில் புத்தகம் அப்படியல்ல. உயில் எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அதன் நகல் பிறருக்குக் கிடையாது. ஆசைகள் அந்தரங்கம், நிலம் பகிரங்கம் என்று சட்டம் கருதியிருக்கிறது. நம் குடும்பங்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகக் கருதுகின்றன.

இந்தக் காகிதங்களுக்குள் ஒருவன் நுழைய நிலம் வேண்டும், அல்லது கடன் வேண்டும். இரண்டும் இல்லாதவன் பிறப்பிலும் இறப்பிலும் ஒரு வரி பெற்றால் அதிர்ஷ்டம். நாற்று நட்டவள் அடங்கலில் இல்லை, நாற்று இருக்கிறது. ஆக, பதிவேட்டை வைத்து எழுதுகிற குடும்பச் சரித்திரம் ஏற்கனவே உடைமையாளனின் சரித்திரமாகத்தான் இருக்க முடியும். இது தெரிந்தேதான் உட்கார்ந்தேன். தெரிந்து வைத்திருப்பதற்கும் அது தன்மேல் வந்து விழுவதற்கும் உள்ள தூரம் எனக்கு அப்போது தெரியாது.

3

எங்கள் நிலங்களில் கிணற்றோடு சேர்ந்த இரண்டே கால் ஏக்கர் புஞ்சைக்கு வீட்டில் ஒரு ஆளின் பெயர் உண்டு. 'இன்னார் கொல்லை' என்போம். யார் அந்த இன்னார் என்று நானோ என் தகப்பனாரோ யாரையும் கேட்டதில்லை. 'அரசமரத்துக் கொல்லை' என்பதைப் போல அதுவும் ஒரு பெயர், அவ்வளவுதான். பெயர் அன்றாடம் வாயில் புழங்கியது. மனிதன் காணாமல் போயிருந்தான்.

பழைய பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு எதிரே அதே பெயர் பட்டாதாரனாக இருந்தது. தகப்பன் பெயர் இல்லை. சாதிப் பெயர் இருந்தது. குறிப்புக் கலத்தில் 'டி.சி.' என்று இரண்டு எழுத்து.

அந்த இரண்டு எழுத்தின் பின்னணியைச் சொல்ல வேண்டும். 1891-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர், இந்த ஜில்லாவின் பறையர்களின் நிலைமையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். மிராசுதாரர்களின் உரிமைகளுக்கு நடுவே அவர்களுக்குச் சாகுபடி நிலமும் கிடையாது, குடியிருக்கும் மனைகூட அடுத்தவன் தயவு, வாங்கிய சிறு கடனுக்காக உழைப்பே அடமானம் என்று அது சொன்னது. அதைத் தொடர்ந்து 1892-இல் அரசாணை வந்தது. பிறகு பல பத்தாண்டுகளில், 'தாழ்த்தப்பட்ட வகுப்பார்' என்று அப்போது அரசாங்கம் குறித்த மக்களுக்கு நிபந்தனையோடு நிலம் ஒப்படைக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வது அதுதான். பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அந்த வகுப்பாருக்கு வெளியே அதைக் கைமாற்றக் கூடாது, மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது நிபந்தனை. அந்த நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. 1994 அக்டோபரில் காரணை நிலங்களை மீட்கக் கோரிச் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நான் நண்பர்களிடம் ஆவேசமாகப் பேசியது நினைவிருக்கிறது. அப்போதும் எனக்கு வீட்டிலிருந்து வருஷா வருஷம் வேர்க்கடலை மூட்டை வந்துகொண்டிருந்தது.

அட்டவணை காட்டிய பத்திரம் 1938-ஆம் வருஷத்தியது. கிரயம் இல்லை, போக்கியம். எண்பத்தைந்து ரூபாய்க்கு நிலத்தை என் தாத்தாவின் சுவாதீனத்தில் விட்டிருக்கிறார். அசல் பத்திரம் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியிலேயே இருந்தது. தாத்தாவின் பெயருக்குப் பின்னால் 'முதலியார்' என்று இருக்கிறது. (எந்தச் சாதி என்பது இங்கே முக்கியமில்லை என்று எழுதத்தான் முதலில் கை போயிற்று. முக்கியமில்லை என்று சொல்லக்கூடிய சௌகர்யம் எங்கள் பக்கத்துக்கு மட்டுமே இருக்கிறது.) மற்றவர் பெயருக்கு நேரே பெருவிரல் ரேகை. மசி சற்று இழுபட்டிருந்தது. விரலை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்களோ, தானாக வைத்ததோ - ரேகையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

போக்கியத்தைத் திருப்பியதாக எந்தப் பத்திரமும் இல்லை. 1979-இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் - கிராமத்தில் 'யூ.டி.ஆர்.' - பட்டா என் தகப்பனார் பெயருக்கு மாறியிருக்கிறது. குறிப்புக் கலத்தில் அந்த இரண்டு எழுத்து இல்லை.

என் தகப்பனார் பள்ளி ஆசிரியர். பொய் சொல்லாதவர் என்று ஊரில் பெயர். நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்று அதிகாரி கேட்டிருப்பார். எங்கள் அனுபவத்தில் என்று இவர் சொல்லியிருப்பார். அது உண்மை. உண்மையைச் சொல்லியே ஒரு மனிதனைக் காகிதத்திலிருந்து அகற்றிவிட முடியும் என்பதை நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

4

அந்த இடத்தை மனைகளாகப் பிரிக்க ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். விற்க வேண்டுமானால் என் கையெழுத்தும் வேண்டும். பெரியப்பா மகனிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"தம்பி, கட்டாந்தரையாக் கெடந்தது. கெணறு வெட்டினது நம்ம தாத்தா. பட்டா நம்ம பேர்ல. எல்லா நெலத்துக்கும் அடியில யாராவது இருக்கத்தான் இருப்பான். எங்கே போய் நிறுத்துவே?"

உழைப்பு, சட்டம், சரித்திரத்தின் முடிவின்மை என்று மூன்று வாதங்களையும் மூன்று மூச்சில் சொல்லிவிட்டார். தத்துவப் புத்தகங்களில் இதைவிட அதிகமாக இருந்ததாக எனக்கு நினைவில்லை. கார்ல் யாஸ்பர்ஸ் 1946-இல், யுத்தத்தில் தோற்றுக் கிடந்த ஜெர்மனியில், குற்றத்தை நான்காகப் பிரித்தார்: சட்டபூர்வமானது, அரசியல் சார்ந்தது, தார்மீகமானது, மீபௌதிகமானது. குற்றம் செய்தவனும் அவனோடு வாழ்ந்தவனும் அவர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். என் தாத்தா நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். அவர் செய்ததற்கு நான் குற்றவாளி என்றால் அந்த வார்த்தைக்கு அர்த்தமே போய்விடும். இதில் அண்ணன் பக்கம்தான் நியாயம்.

ஆனால் பிரச்னை தாத்தா செய்தது அல்ல. அடங்கல் இதை எனக்குத் தெளிவாக்கியது. பத்திரம் ஒருமுறைதான் எழுதப்படுகிறது. அடங்கல் பசலிக்குப் பசலி புதிதாக எழுதப்படுகிறது. 1938-இல் நடந்தது முடிந்துபோன செயலாக இருக்கலாம். அனுபவம் முடிந்துபோன செயல் அல்ல. இந்தப் பசலியிலும் நடந்துகொண்டிருக்கிறது, என் பெயரில். பாவம் பரம்பரையாக வருமா என்ற கேள்வியைக் கேட்பதே ஒரு தப்பித்தல். நிலம் பரம்பரையாக வந்திருக்கிறது, அதில் சந்தேகமில்லை.

நம்முடைய பழைய சட்ட மரபு இந்த இடத்தில் விநோதமான ஒன்றைச் சொல்லியிருந்தது. தகப்பன், பாட்டன், முப்பாட்டன் பட்ட கடனைத் தீர்ப்பது மகனின் தார்மீகக் கடமை என்று இந்து சட்டம் வெகுகாலம் சொல்லிவந்தது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தம்தான், அதற்குப் பிற்பட்ட கடன்களைப் பொறுத்து, அதை அகற்றியது. அந்தக் கடமைக்கும் ஒரு விலக்கு இருந்தது. முறைகேடான காரியத்தால் ஏற்பட்ட கடனுக்கு மகன் பொறுப்பில்லை. அதாவது, தகப்பன் நேர்மையாகப் பட்ட கடனை மகன் தீர்க்க வேண்டும்; அநியாயமாகப் பட்டதைத் தீர்க்க வேண்டியதில்லை. மகனைக் காப்பாற்றுவதற்காக ஏற்பட்ட விதி இது. ஆனால் அநியாயத்தின் கடன்தான் இப்படித் தகப்பனோடு செத்துப்போகிறது. அதன் விளைச்சல் சாவதில்லை.

'எங்கே போய் நிறுத்துவே' என்பதற்கும் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். எல்லா நிலத்துக்கும் அடியில் யாரோ இருக்கலாம். எல்லா நிலத்துக்கும் கைநாட்டு என் வீட்டு இரும்புப் பெட்டியில் இல்லை. எனக்குத் தெரியவந்த இடத்தில் நிறுத்த வேண்டியதுதான். சுவாதீன அடமானத்தை மீட்கும் காலவரையறை பத்திரத் தேதியிலிருந்து தொடங்குவதில்லை, கடன் அடைபட்டதிலிருந்துதான் என்று 2014-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. எண்பத்தைந்து ரூபாய் எத்தனை வேர்க்கடலை மூட்டைகளில் அடைபட்டிருக்கும்?

5

காலனியில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வயதான அம்மாள் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். எங்கள் கொல்லையிலேயே களை எடுத்தவர். சிறுவயதில் அவரைப் பெயர் சொல்லி, ஒருமையில் கூப்பிட்டிருக்கிறேன். இப்போது என்ன சொல்லி அழைப்பது என்று தெரியாமல் வாசலில் நின்றேன். ஐந்து மாதம் அலைந்து கண்டுபிடித்ததை அவரிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு போயிருந்தேன்.

"அது எங்க பாட்டன் கொல்லதானே. இதப் பாக்கவா இம்மாந்தூரம் அலைஞ்சீங்க? கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே ஐயா."

கிணற்றைப் பற்றிக் கேட்டேன்.

"வெட்டச் சொன்னது உங்க தாத்தா. வெட்டினது எங்க ஆளுங்க."

குரலில் குற்றச்சாட்டு இல்லை. தெரிந்த கணக்கைச் சொல்லுகிற குரல். எனக்கு ஆராய்ச்சியாக இருந்தது அவருக்கு ஒரு நாளும் மறந்துபோகாத விஷயமாக இருந்திருக்கிறது. எங்கள் வீட்டுக்குத்தான் பதிவேடு தேவைப்பட்டது, மறப்பதற்கும், பிறகு ஞாபகப்படுத்திக்கொள்வதற்கும்.

அனுபவம் என்ற சொல்லை நாம் இலக்கியத்தில் மிகுந்த பக்தியோடு உபயோகிக்கிறோம். அனுபவத்தின் ஆழம், அனுபவ உண்மை, அனுபவப் பகிர்வு. தாலுகா ஆபீஸில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கையில் வைத்திருத்தல். என் இளமையின் 'அனுபவங்கள்' என்று நான் எழுதியவற்றிலெல்லாம் அந்தக் கிணறு வருகிறது. மேட்டில் உட்கார்ந்து படித்த புத்தகங்கள் வருகின்றன. இரண்டு அர்த்தத்திலும் அது என் அனுபவமாகத்தான் இருந்திருக்கிறது. முதல் அர்த்தத்தை எழுதிக்கொண்டே இரண்டாவதை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

இதை எழுதும்போது ஒன்று உறுத்துகிறது. புகழ்வதற்கு மூதாதை கிடைக்காதவன், தூற்றுவதற்கு ஒரு மூதாதையைக் கண்டெடுத்து, அவரைவிடத் தான் உயர்ந்தவன் என்று காட்டிக்கொள்ளலாம். ஒப்புதல் வாக்குமூலம் என்பது மிக மலிவான பெருமையாகிவிட முடியும். இதற்கு எதிராக எனக்கிருக்கும் ஒரே பாதுகாப்பு, இது ஏதாவது செலவு வைக்கிறதா என்று பார்ப்பதுதான். நான் கையெழுத்துப் போடவில்லை. பதிவேட்டின் நகலையும் பத்திரத்தின் நகலையும் அந்த அம்மாளின் பேரனிடம் கொடுத்திருக்கிறேன். மனு அவர்களுடையது, தாலுகா ஆபீஸில் கேட்டால் நான் வந்து சொல்கிறேன் என்றேன். அண்ணன் பேசுவதில்லை. இதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் எனக்கு வெட்கமாக இருக்கும். கட்டணம் கட்டினால் யாருக்கும் கிடைக்கிற காகிதத்தைத்தான் கொடுத்தேன்.

அவர் பெயரை இங்கே எழுதாததற்குக் காரணம் உண்டு. அதை அச்சில் ஏற்றும் உரிமை அந்தக் குடும்பத்துக்கு. நாங்கள் எண்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பெயரையும் அனுபவித்துவிட்டோம்.

பேத்தியின் வம்சாவளி மரம் மூன்று தலைமுறையோடு நிற்கிறது. மேலே கிடைத்ததா தாத்தா என்று கேட்டாள். இல்லை என்றேன். பக்கத்தில் கிடைத்ததை அவளுக்கு எப்போது சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நிலத்தில் எனக்குள்ள பங்கு எனக்குப் பின்னால் அவளுக்கும் வர வேண்டியது.