விரலும் கைகளும்

சோவியத் நாட்டுச் சுவரொட்டிகளின் கண்காட்சியொன்றில், திமித்ரி மோர் என்னும் ஓவியரின் இரு படங்கள் முன் நெடுநேரம் நின்றோம். 1920இல் வரைந்ததில், செஞ்சேனை வீரன் நம்மை நோக்கி விரல் நீட்டி, ‘படையில் சேரப் பெயர் கொடுத்துவிட்டாயா?’ என அதட்டுகிறான். அடுத்துவந்த வோல்காப் பஞ்சத்தின்போது வரைந்ததில், எலும்பும் தோலுமான முதிய உழவர் கன்னங்கரிய பின்புலத்தில் இரு கைகளையும் உயர்த்தி நிற்கிறார். ‘உதவு’ என்பதே வாசகம்.

விரலுக்கு நாம் பணியலாம், பணியாதிருக்கலாம். அக்கைகளை விட்டு அகல இயலவில்லை.

ஆயினும் நெஞ்சு உறுத்துகிறது. அப்பசிக்கு வறட்சி மட்டுமன்று, உழவரின் தானியத்தைப் பறித்த அரசின் கொள்கையும் காரணம். மாண்டோர் ஏறத்தாழ 50 இலட்சம். படம் அதைச் சொல்லவில்லை. மேலும், இதே மோர்தாம் பின்னர் நாத்திக இதழ்களில் விசுவாசத்தை எள்ளி நகையாடியவர். பாதி உண்மையைச் சொல்லும் வாயினின்று வரும் மன்றாட்டு நம்மைக் கட்டுப்படுத்துமோ?

உழவரின் பசி பொய்யன்று. 1922இல் ஆலயங்களின் திருக்கலங்களை அவ்வரசு பறிமுதல் செய்துகொண்டிருந்த வேளையில்தான், திருத்தந்தை பதினோராம் பத்திநாதரின் நிவாரணக் குழுவினர் அங்குச் சென்று உணவளித்தனர். அந்த ஆட்சி எத்தகையதென அவர்கள் அறியாதவர்கள் அல்லர்.