கீழடியில் நிற்கவைப்பது எது?

சீடர்: ஐயா, அகழாய்வு நடக்கும் கீழடிக்குப் போய்வந்தேன். தென்னந்தோப்புக்கு நடுவே குழிகள், செங்கல் வரிசை, உறைகிணறு. அரண்மனையும் இல்லை, சிற்பமும் இல்லை. ஆனாலும் பிள்ளை குட்டிகளோடு வண்டி வண்டியாக வருகிறார்கள். எது இழுக்கிறது?

குரு: உனக்கு என்ன தோன்றியது?

சீடர்: பெருமைதான். 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 580 என்று 2019-இல் அறிக்கை வந்ததே!

குரு: பெருமை வாசல்வரை கூட்டிவரும். அருங்காட்சியகத்துக்கு உள்ளே எதன் முன்னால் நின்றாய்?

சீடர்: ஒரு கூரை ஓட்டின் முன்னால். மேல்முனையில் கயிறு கட்ட இரண்டு துளை. மழைநீர் வழிந்தோட, ஈரமண்ணில் விரலாலேயே இழுத்த பள்ளங்கள். என் விரலை அதில் வைத்துப் பார்க்கத் தோன்றியது.

குரு: கல்வெட்டு வெட்டிய அரசன் நம்மை நினைத்தான், தன் தானம் சந்திர சூரியர் உள்ளவரை நிற்கவேண்டும் என்று நம்மிடம் பேசினான். ஓடு செய்தவருக்கு வீடு ஒழுகக்கூடாது, அவ்வளவுதான். யாருக்கும் காட்டிக்கொள்ளாத வாழ்க்கை அது. அதுதான் நம்மை நிறுத்துகிறது.

சீடர்: அப்படியென்றால் என் ஆச்சியின் அம்மியும் அதே ஈர்ப்பைத் தரவேண்டுமே?

குரு: சரியாகக் கேட்டாய். அம்மியைத் தொட்டால் ஆச்சியின் முகம் வருகிறது; உறவு முன்பே இருக்கிறது. பானையோட்டில் ‘ஆதன்’ என்று பழைய தமிழி எழுத்தில் கீறியிருக்கிறதே, அவர் யார்? என்ன தொழில், யாருக்குப் பிள்ளை? ஒன்றும் தெரியாது. ஆனாலும் பானையில் பெயர் எழுதிய அந்த மனது உனக்கு உடனே புரிகிறது. சீர்வரிசைப் பாத்திரத்தில் நாமும் பெயர் வெட்டுகிறவர்கள்தானே!

சீடர்: ‘எங்கள் முன்னோர்’ என்று உரிமை கொண்டாடுகிறார்களே, அது தவறா?

குரு: தவறில்லை, போதாது. முன்னோர் என்றதும் அவரை நம் சொத்தாக்கிக்கொள்கிறோம். முன்பின் அறியாதவராக இருந்தும் அவர் நமக்கு விளங்குகிறாரே, எனக்கு அதுதான் தீராத ஆச்சரியம்.

சீடர்: அதை உணர, நேரில் போகாமல் படம் பார்த்தால் போதாதா?

குரு: 353 செ.மீ. என்று படித்தால் அது எண். குழியின் விளிம்பில் நின்று எட்டிப்பார், இரண்டு ஆள் ஆழம். வயிற்றைக் கலக்கும். காலத்தை அங்கே உடம்பு அளக்கிறது.

சீடர்: ஆய்வு முடிந்ததும் பல குழிகளை மூடிவிடுகிறார்களே?

குரு: திறந்தே கிடந்தால் மழையிலும் வெயிலிலும் செங்கல் உதிர்ந்துபோகும். நிலமும் ஊர்க்காரர்களின் தோப்பு. மூடுவதும் காப்பதுதான். அடுத்த கட்ட அகழாய்வு நடக்கும்போது போ. அருங்காட்சியகத்துக்குள் போவதற்கு முன்பே குழியைப் பார்.