அயலின் பெறுமதி

ஒரு குடும்பத்தின் பழைய வீட்டைப் பெற்றுக்கொண்டு அதற்கு ஈடாகப் புதியதொரு வீட்டைக் கொடுத்துவிட்டால், அக்குடும்பத்துக்குச் செய்யவேண்டியதெல்லாம் செய்தாகிவிட்டதா? ஆகிவிட்டது என்றே கணக்கர் சொல்வார். சுவருக்குச் சுவர், கூரைக்குக் கூரை, சதுர அடிக்குச் சதுர அடி ஈடாகிவிட்டது, பின்னும் குறையென்ன? 2010ஆம் ஆண்டு முதலாகக் கொழும்பு மாநகரின் தோட்டங்களிலும் ஒழுங்கைகளிலும் நடந்துவருவனவற்றை நோக்கும்போது, இக்கணக்கு முழுமையானதுதானா என்று நாம் கேட்டே தீரவேண்டியிருக்கிறது.

கொம்பனித்தெருவை எடுத்துக்கொள்வோம். பேர வாவியின் ஓரத்தே கிடக்கும் இப்பகுதி, ஒல்லாந்தக் கொம்பனியார் தம் அடிமைகளை இராக்காலத்தில் அடைத்துவைத்த இடம். ஆங்கிலேயர் ஆட்சியில் மலாய்ப் படையினர் இங்கு குடியேறினர். மலே வீதி, ஜாவா ஒழுங்கை, ரைபிள் வீதி என்னும் பெயர்கள் அக்காலத்தின் எச்சங்களாம். பள்ளிவாசலின் பாங்கோசையும் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலின் மணியோசையும் ஒரே வீட்டு வாசலிற் கேட்கும். மலாயரும் சோனகரும் தமிழரும் சிங்களவரும் சுவரோடு சுவர் சேர வாழ்ந்த இவ்வயலின்மீது இன்று அறுபது மாடிகளுக்கு மேலெழுந்த கட்டடங்களின் நிழல் விழுகின்றது. 'அடிமைத் தீவு' எனப் பொருள்படும் அதன் ஆங்கிலப் பெயரைக் கைவிடவேண்டுமென்று 2022ஆம் ஆண்டின் இறுதியில் பணிக்கப்பட்டது. பெயரை மாற்றியது நன்றே. செலவு குறைந்த சீர்திருத்தமுங்கூட.

2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. குடிமக்களின் வீட்டுப் பிரச்சினையைப் படைத்துறையின் மேசையிற் கொண்டுபோய் வைத்ததன் பொருள் அவ்வாண்டு மே மாதத்திலேயே விளங்கிற்று. கொம்பனித்தெரு மியூஸ் வீதியில், இராணுவத்தினரும் பொலிசாரும் சூழ்ந்து நிற்க, மக்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. பின்னர் நகரப் புத்துயிர்ப்புத் திட்டம் என்னும் பெயரில், கொழும்பின் சுமார் 70,000 குடும்பங்களைத் தொடர்மாடிகளுக்கு மாற்றும் பெருந்திட்டம் வகுக்கப்பட்டது. வெறுமையாகும் காணிகளை முதலீட்டாளருக்கு வழங்கி, அந்த வருவாயிலேயே தொடர்மாடிகளைக் கட்டுவது என்பது அதன் பொருளாதாரம்.

இதைச் சற்று நின்று நோக்குதல் தகும். ஏழையின் காலடியிற் கிடந்த நிலமே அவனுடைய புதிய வீட்டின் விலையைச் செலுத்துகின்றது என்றால், அவன் எவருக்கும் கடன்பட்டவனல்லன். ஆயினும் பல குடும்பங்கள் அவ்வீடுகளுக்காக ஏறக்குறைய 10 இலட்சம் ரூபாவை நெடுங்காலத் தவணைகளிற் செலுத்தவேண்டுமென்று கேட்கப்பட்டன. 'அத்துமீறிக் குடியிருந்தோர்க்கு இதுவே அதிகம்' என்று கூறும் கனவான்கள் இருக்கின்றனர். 1973ஆம் ஆண்டின் வீடமைப்புச் சொத்து உச்சவரம்புச் சட்டத்தினால் குடிக்கூலி வீடுகள் பலவற்றிற்கு அங்கு வாழ்ந்தோரே உரிமையாளராயினர் என்பதை அவர்கள் மறந்துவிட்டனர் போலும். உறுதி வைத்திருந்தவரும் மாநகரசபைக்கு வரி கட்டியவரும் அவ்வொழுங்கைகளில் இருந்தனர். பத்திரிகையில் 'சேரி அகற்றல்' என்ற மூன்றங்குலச் செய்தி வெளிவரும்போது இவர்களெல்லாம் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர்.

பத்திரிகைச் செய்தியினின்றும் வேறான ஒரு செய்தி அன்றாடம் ஒழுங்கையில் வழங்கிற்று. பொதுக்குழாயடியில், அப்பக்கடை வாசலில், மாலைநேரப் படிக்கட்டில் அது பிறக்கும். இன்னாருடைய மகளுக்குக் குழந்தை பிறந்தது, இன்னார் துறைமுகத்தில் வேலையிழந்தார், மூலைவீட்டு மூதாட்டி இரண்டு நாளாகக் கதவு திறக்கவில்லை. படித்தவர் இதனை 'ஊர்வம்பு' என்று ஒதுக்குவர். ஆனால் ஏழையின் பொருளாதாரம் முழுவதும் இச்செய்தியின்மேல் நிற்கின்றது என்பதை நாம் கவனித்தல் வேண்டும். வங்கி அவனை நம்பாது. சில்லறைக் கடைக்காரரின் கடன்கொப்பி நம்பும். நாட்கூலி எந்தக் கிழமை கிடைக்கும் என்பதும், சென்ற மாதம் ஏன் தவறிற்று என்பதும் கடைக்காரருக்குத் தெரியும். பெண்கள் பிடிக்கும் சீட்டோ எழுத்தும் பிணையும் இன்றி நடப்பது. யாருக்கு முதற் சீட்டைக் கொடுக்கலாம், யார் அதை எடுத்துக்கொண்டு ஓடிவிடமாட்டார் என்னும் அறிவே அதன் முதல். விடியலில் இடியப்பம் அவித்து விற்பவளுக்கு அவள் வாசலே கடைத்தெரு. வேலைக்குப் போகும் தாய் பிள்ளையை விட்டுச் செல்வது, பெயர்ப்பலகை எதுவும் தொங்காத பக்கத்து வீட்டில். சாவு நேர்ந்தால் வெள்ளைக்கொடி கட்டவும் கதிரை அடுக்கவும் எவரையும் கூலிக்கு அழைக்கவேண்டியதில்லை. மரணாதார சங்கம் இருக்கும். அது இல்லாவிடினும் ஆட்கள் வருவர்.

இவையனைத்தும் சொத்து. சதுர அடியில் அளக்கவோ உறுதியில் எழுதவோ இயலாதது கொண்டு, இழப்பீட்டு அதிகாரியின் படிவத்தில் இதற்கு நிரல் இல்லை.

குடிசையின் பெருமையைப் பாடுவோர் பெரும்பாலும் குடிசையில் வாழாதவரே என்பதை நாம் அறிவோம். மழை பெய்தால் உள்ளே புகும் வெள்ளமும், பல குடும்பங்களுக்குப் பொதுவான மலசலகூடமும் போற்றத்தக்கன அல்ல. தன் வீட்டுக்குள்ளேயே குழாய் நீர் வந்த நாளில் மகிழ்ந்த பெண்ணிடம் அயலின் மகிமையைப் பற்றி உபதேசிக்க நமக்கு உரிமை இல்லை. மேலும், ஒழுங்கையின் கண்கள் காக்கும் கண்கள் மட்டுமா? எந்தப் பெண் எத்தனை மணிக்கு வீடு திரும்பினாள் என்று எண்ணுகின்ற கண்களும் அவையே. முகமறியாத தொடர்மாடியில் முதன்முறையாக நிம்மதியாக மூச்சுவிட்ட இளம் பெண்களும் இருத்தல் கூடும்.

இதனினும் கொடியதொரு நினைவு இப்பகுதிக்கு உண்டு. 1983ஆம் ஆண்டு ஜூலையில் கொம்பனித்தெருவின் ரியோ திரையரங்கு எரிக்கப்பட்டது. 1965இல் தமிழர் ஒரு குடும்பத்தினர் திறந்துவைத்த அரங்கு அது. அந்நாட்களில் கொழும்பின் பல இடங்களில் காடையர் வாக்காளர் இடாப்புகளைக் கையிற் கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தனர். அதே நாட்களில் சிங்கள, முஸ்லிம் அயலவர் பலர் தமிழரைத் தம் வீட்டு அறைகளில் ஒளித்துக் காத்தனர். இடாப்புடன் வந்தவனுக்குப் பெயர் தெரிந்திருந்தது. அயலவருக்கு ஆளைத் தெரிந்திருந்தது. எல்லா அயலவரும் காக்கவில்லை என்பதும் உண்மையே. எனினும் காத்தவர்கள் எதனாற் காத்தனர் என்று கேட்டால், பல்லாண்டுகள் பரிமாறிய சிறு சிறு செய்திகளுக்கு அப்பால் வேறு காரணம் தேடுதல் கடினம்.

ஆகவே பழைய ஒழுங்கையை அப்படியே பேணுவதா, புதிய மாடிக்குப் போவதா என்று வினாவை இரண்டாகப் பிளப்பது அதிகாரிகளுக்கு வசதியான பிளவாகும். நல்ல வீடு வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அதை எங்கே, எவருடன், எந்த வடிவில் பெறுவது என்று தீர்மானிப்பவர் யார் என்பதே வினா. 2001ஆம் ஆண்டில் அரசாங்கமே ஏற்றுக்கொண்ட, விருப்பின்றிய மீள்குடியேற்றம் பற்றிய தேசியக் கொள்கை, அகற்றப்படுவோருடன் கலந்தாலோசிக்க வேண்டும் என்கின்றது. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தின் நகரப் பகுதியில், தோட்டத்து மக்களே கூடி வடிகால் எங்கே, ஒழுங்கை எவ்வளவு அகலம் என்று முடிவுசெய்த அனுபவமும் இந்நாட்டுக்கு உண்டு. அத்திட்டத்திலும் குறைகள் இருந்தன. ஆனால் மக்களை வாய்பேசா அலகுகளாக எண்ணுவது அதன் முறையாக இருக்கவில்லை.

புதிய தொடர்மாடிகளில் வீடுகள் பெரும்பாலும் சீட்டுக் குலுக்கல் மூலமே பங்கிடப்பட்டன. எவருக்கும் பாரபட்சம் காட்டாத முறை என்று அதனைக் கூறினர். நாற்பது ஆண்டுகள் எதிரெதிர் வாசலில் இருந்தவருள் ஒருவருக்கு மூன்றாம் மாடி, மற்றவருக்குப் பதினொராம் மாடி. பழுதான லிப்டின் முன் நிற்கும் மூதாட்டிக்கு எட்டு மாடித் தூரம் வேறொரு ஊர். மாதாமாதம் சீட்டுப் பிடித்த பெண்களின் வட்டத்தை ஒரு மதியப் பொழுதில் வேறொரு சீட்டு கலைத்துவிட்டது. கட்டடங்களுக்கோ 'உயன' என்று, பூங்காவைக் குறிக்கும் சொல்லால் முடியும் பெயர்களைச் சூட்டினர்.

ஓர் ஒழுங்கையாரை ஒரே மாடியிற் குடியிருத்துவதற்கு மேலதிகமாக ஒரு மூடை சீமெந்தும் தேவைப்பட்டிராது. யார் யாருக்கு அயலில் இருக்க விரும்புகின்றீர் என்று வாசல்தோறும் கேட்டு எழுதிக்கொள்ள ஓர் ஆளும் ஒரு கொப்பியும் போதும்.