விலைச் சோறும் விருந்துச் சோறும்

தமிழ் அறநூல்கள் விருந்தோம்பலை இல்வாழ்வின் பயன் எனப் போற்றுகின்றன. திருக்குறளில் அதற்கென ஓர் அதிகாரமே வகுக்கப்பட்டுள்ளது. சோற்றை விலைக்கு விற்பது பற்றி அந்நூல்கள் அவ்வளவு பேசுவதில்லை. மதுரைக்காஞ்சி காட்டும் அங்காடியில் உணவுப் பண்டம் விற்போர் இடம்பெறுகின்றனர் எனினும், அவர்கள் நகரின் வளத்துக்குச் சான்றாக நிற்கின்றனரேயன்றி அறத்துக்குச் சான்றாக நிற்கவில்லை. சோறிடுபவன் உயர்ந்தவன், சோறு விற்பவன் வணிகன் மட்டுமே என்ற எண்ணம் வழிவழியாக வந்துள்ளது. ஊரிலிருந்து கொழும்புக்கு வரும் முதியவர், “காசு குடுத்துத் தின்னுறதும் ஒரு சாப்பாடே?” என்று முகஞ்சுளிப்பது அவ்வெண்ணத்தின் எச்சமே.

இவ்வெண்ணம் நியாயமானதா என்பது வினா. பார்வைக்கு அற்பமான வினாவாக இது தோன்றலாம். ஆனால் ஒருவன் எங்கே, யார் அருகில், எந்தப் பாத்திரத்தில் உண்ணலாம் என்பதை வைத்தே மனிதனை அளந்து வந்த ஒரு சமூகத்தில், உணவுக்கடை வெறும் வியாபாரத் தலமாக இருந்திருக்க இயலாது.

வெள்ளவத்தையை எடுத்துக்கொள்வோம். காலி வீதியின் இரு மருங்கிலும், கடலை நோக்கி இறங்கும் குறுக்கு வீதிகளிலும் சைவ உணவகங்கள் பல உள்ளன. வடக்கு கிழக்கிலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்கு வந்து, சமறிகளில் கூடி வாழ்ந்த எழுதுவினைஞர்களின் பசியே இத்தகைய கடைகளை வளர்த்தது. காலையில் இடியப்பமும் சொதியும், நண்பகலில் சோறும் மூன்று கறியும், மாலையில் வடையும் தேநீரும் என்று அவர்களது நாள் கடையின் அடுப்போடு ஒட்டி ஓடியது. கொட்டாஞ்சேனையின் நிலை சற்று வேறு. துறைமுகத்தை அண்டிய அப்பகுதியில், பொன்னம்பலவாணேசர் கோயிலுக்கும் புனித லூசியா பேராலயத்துக்கும் இடையே, சுமை தூக்குவோரும் கடைச் சிப்பந்திகளும் கப்பற் கந்தோர் ஊழியரும் ஒரே மேசையில் நெருங்கி அமர்ந்து உண்டனர். எதிரே இருப்பவர் யார் என்பது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை. தண்ணீர்ச் செம்பை இப்பக்கம் நகர்த்தும்படி கேட்பதோடு அவ்வுறவு முடிந்துவிடும்.

அறியாதவர் அருகில் அமர்ந்து விலை கொடுத்து உண்ணும் இப்பழக்கத்துக்கு ஐரோப்பாவில் ஒரு தெளிவான வரலாறு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பாரிஸ் நகரின் சத்திரங்களில் உண்ணச் செல்பவன், குறித்த நேரத்தில் பொது மேசையில் அமர்ந்து, சத்திரக்காரன் வைத்ததை உண்ண வேண்டும். 1760களில் தோன்றிய புதுவகைக் கடைகள் இம்முறையை மாற்றின. ‘ரெஸ்ரோறன்ற்’ என்ற சொல் முதலில் கடையைக் குறிக்கவில்லை. உடல் நலிந்தோருக்குத் தெம்பூட்டும் இறைச்சிச் சாற்றையே குறித்தது. அச்சாற்றை விற்ற கடைகள் தனித்தனி மேசைகளைப் போட்டன. வேண்டிய வேளையில் வரலாம் என்றன. பண்டத்தையும் விலையையும் அச்சிட்டுக் கையிற் கொடுத்தன. உண்பவன் விருந்தாளி என்ற நிலையிலிருந்து வாடிக்கையாளன் என்ற நிலைக்கு மாறியது அங்குதான்.

உயர்தரக் கடைகளின் நிழலில், பின்னாளில், ‘பிஸ்ரோ’ எனப்படும் சிறு கடைகள் பெருகின. 1814இல் பாரிசுக்குள் நுழைந்த ரஷ்யச் சிப்பாய்கள் ‘விரைவாக’ என்ற பொருளில் தம் மொழியிற் கூவியதே இப்பெயராயிற்று என்று ஒரு கதை வழங்குகிறது. மொன்மார்த்தர் குன்றிலுள்ள ஓர் உணவகத்தின் சுவரில் அதற்குக் கல்வெட்டே உண்டு. ஆயினும் அச்சொல் அச்சில் தோன்றுவது 1880களிலேதான். எழுபது ஆண்டுகள் ஒரு சொல் வாயிலேயே ஒளிந்திருந்தது என்பதை நம்புவதற்குச் சற்றுத் துணிவு வேண்டும். இதனினும் முக்கியமான செய்தி வேறு. இக்கடைகள் பலவற்றை நடத்தியவர்கள் பாரிஸ்வாசிகள் அல்லர். ஓவெர்ன் என்ற வறிய மலைப்பகுதியிலிருந்து வந்து, நிலக்கரியும் மலிவான வைனும் விற்றுப் பிழைத்தோரே அவர்கள். துத்தநாகத் தகடு வேய்ந்த முகப்பு மேசை, கரும்பலகையில் வெண்கட்டியால் எழுதிய அன்றைய உணவுப் பட்டியல், முழங்கை முட்டும் நெருக்கத்தில் சிறு மேசைகள், வெங்காயச் சூப்பு, நெடுநேரம் வெந்த மாட்டிறைச்சி: இன்று பிரெஞ்சுப் பண்பாட்டின் முத்திரையாகக் கொண்டாடப்படும் இவை பஞ்சம் பிழைக்க வந்தவரின் சிக்கனத்திற் பிறந்தவை. தெற்கு இலங்கையின் ஊர்தோறும் சுருட்டுக்கடை வைத்த யாழ்ப்பாணத்தவரை நினைவுகூர்ந்தால் இதன் இயல்பு விளங்கும்.

இனி அறவினாவுக்கு வரலாம். விருந்தோம்பல் உயர்ந்தது என்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். விருந்தோம்புபவன் தன் விருந்தினனைத் தேர்ந்தெடுக்கிறான். வாசல் அவனுடையது, பந்தி அவனுடையது, யார் திண்ணையில், யார் முற்றத்தில், யார் படலைக்கு வெளியே என்பதைத் தீர்மானிக்கும் உரிமையும் அவனுடையது. யாழ்ப்பாணச் சமூகத்தில் அந்த உரிமை எவ்வாறு கையாளப்பட்டது என்பது அனைவரும் அறிந்தது. அன்பின் பெயரால் இடப்பட்ட சோறே, சாதியின் பெயரால் அளக்கப்பட்ட சோறாகவும் இருந்தது. விற்பனைக்கு அத்தகைய தெரிவு இல்லை என்பதே அதன் தனிச்சிறப்பு. காசுக்குச் சாதி தெரியாது. பட்டியலில் எழுதப்பட்ட விலை, வாசலில் வந்து நிற்கும் எவனுக்கும் ஒரே விலைதான். வணிகத்தின் இந்தக் குளிர்ந்த பாராமுகம், அன்பின் சூடான பாகுபாட்டைக் காட்டிலும் ஒடுக்கப்பட்டவனுக்கு அதிக மரியாதை தரக்கூடியது.

தரக்கூடியது என்றுதான் கூறலாம்; தந்தது என்று கூற இயலாது. வடக்கின் தேநீர்க்கடைகள் காசை வாங்கிக்கொண்டே பாகுபாட்டையும் காத்தன. தாழ்த்தப்பட்டோருக்குக் கடைக்கு வெளியே சிரட்டையிலும் போத்தலிலும் தகரப் பேணியிலும் தேநீர் ஊற்றப்பட்டது. விலை ஒன்று, பாத்திரம் வேறு. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இதனைக் குற்றமாக்கியது. சட்டம் வந்த பின்னும் சிரட்டை போகவில்லை. சிறுபான்மைத் தமிழர் மகாசபை கடைப்பிரவேசத்தைத் தன் கோரிக்கைகளில் ஒன்றாகக் கொண்டு உழைத்தது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், 1967இல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும் போராட்டத்தை வீதிக்குக் கொண்டுவந்தன. அடுத்த ஆண்டுகளில் தேநீர்க்கடைப் பிரவேசமும் ஆலயப் பிரவேசமும் ஒருங்கே நடந்தன. சங்கானைப் பகுதியில் உயிர்களும் பலியாயின. கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) இக்காலத்திலிருந்து எழுந்த நாவலே.

ஒரு குவளைத் தேநீருக்காக உயிரைக் கொடுப்பதா என்று அக்காலத்தில் கேட்டோர் உண்டு. அவர்களுட் படித்தவர்களும் இருந்தனர். வீட்டில் வைத்துக் குடித்தால் இதே தேநீரை அரைவிலையில் குடிக்கலாமே என்பது அவர்களது கணக்கு. தேநீர் வேண்டி எவரும் போராடவில்லை என்பதை அக்கணக்கு காணத் தவறியது. வேண்டப்பட்டது குவளை. 1960 பெப்ரவரி 1இல் அமெரிக்காவின் கிறீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் ஒரு கடையின் உணவு மேசையில் அமர்ந்து, பரிமாற மறுக்கப்பட்டும் எழாமல் இருந்தனர். அக்கடை அவர்களுக்கு ஏனைய பொருள்களை விற்றது, காசையும் வாங்கியது. அமர்ந்து உண்ண மட்டும் விடவில்லை. நின்றுகொண்டு வாங்குபவன் பொருளைப் பெறுகிறான். அமர்ந்து உண்பவன் இடத்தைப் பெறுகிறான். இவ்விரண்டுக்கும் இடையிலான தூரத்தைச் சுன்னாகத்தில் நடந்தவர்களும் கிறீன்ஸ்பரோவில் அமர்ந்தவர்களும் ஒருவரையொருவர் அறியாமலே அளந்திருந்தனர்.

காசு தரும் சமத்துவம் காசில்லாதவனை வெளியே நிறுத்துகிறதே என்ற மறுப்பு இங்கு எழும். மறுப்பு வலிமையானது. பாரிஸ் கடைகள் விலைப்பட்டியலை வாசலுக்கு வெளியே தொங்கவிடுகின்றன. அதைப் படித்துவிட்டு மௌனமாக நடையைக் கட்டுபவனை எவரும் விரட்டவில்லை, அவனே தன்னை விரட்டிக்கொள்கிறான். சாதியால் வெளியே நிற்பதும் வறுமையால் வெளியே நிற்பதும் ஒன்றல்ல. முன்னது பிறப்போடு முடிந்துபோன தீர்ப்பு, பின்னது மாறக்கூடியது. ஆனால் தலைமுறை தலைமுறையாக நிலமும் கல்வியும் மறுக்கப்பட்டவனிடம் காசு மட்டும் எங்கிருந்து வரும்? சாதி, முன்வாசலில் கைவிட்ட வேலையைச் சட்டைப்பையின் வழியாகத் தொடர்ந்து செய்கிறது. வடலூரில் இராமலிங்க அடிகள் 1867இல் நிறுவிய சத்திய தருமச்சாலை, விலையும் இல்லை சாதியும் இல்லை என்ற மூன்றாவது வழியைக் காட்டியது. அதன் பெருமை மறுக்க இயலாதது. எனினும் அங்கே உண்பவன் பெறுபவனாகவே இருக்கிறான். கறியில் உப்புக் குறைவு என்று சொல்லும் உரிமை விலை கொடுத்தவனுக்கே உண்டு. அந்தச் சிறு உரிமையை எளிதாக எண்ணிவிடக்கூடாது.

இதுவரை கூறியது முன்வாசல் பற்றியது. உணவகத்துக்கு இன்னொரு வாசலும் உண்டு.

சென்னையில் 1957இல் பெரியார், ஓர் உணவகத்தின் பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கக்கோரிக் கிளர்ச்சி நடத்தினார். அச்சொல் உண்ண வருவோரைப் பற்றியது அன்று. சமைக்கும் கையைப் பற்றியது. இன்ன சாதியின் கை தொட்ட உணவு இது என்ற உறுதிமொழியே அப்பலகை. பாரிசிலோ நேர்மாறான பலகை தொங்குகிறது. பாட்டியின் கைப்பக்குவம், பரம்பரைப் பிரெஞ்சுச் சமையல் என்று எழுதியிருக்கும் பல கடைகளின் அடுக்களையில் நிற்பவர்கள் வட்டுக்கோட்டையையும் வல்வெட்டித்துறையையும் சேர்ந்தவர்கள். 1983 யூலையில் வெள்ளவத்தையில் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. வாடிக்கையாளரை அழைக்க மாட்டிய பெயர்ப்பலகையே கொளுத்த வந்தவர்க்கு அடையாளமாயிற்று. அதன் பின் ஆயிரக்கணக்கானோர் பிரான்சுக்குத் தஞ்சம் தேடிச் சென்றனர். மொழி அறியாதவருக்குக் கிடைத்த முதல் வேலைகளில் ஒன்று கோப்பை கழுவுவது. லா சப்பல் பகுதியில் இன்று தமிழ்க் கடைகள் நிரம்பிய வீதிகள் இருக்கின்றன. அவற்றின் முதலீட்டில் ஒரு பங்கு பிரெஞ்சுக் கோப்பைகளைக் கழுவிச் சேர்த்தது என்பதில் ஐயமில்லை.

ஊரில் தான் உண்ட கோப்பையைத் தாயோ தமக்கையோ கழுவப் பழகியவன், அங்கே முகம் அறியாத நூறு பேரின் எச்சிற் கோப்பையைக் கழுவினான். அவனுக்கு அருகில் நின்று கழுவியவன், ஊரில் சிரட்டையில் தேநீர் வாங்கியவரின் மகனாகவும் இருந்திருக்கலாம். முதலாளிக்கு அவ்விருவரையும் பிரித்தறியத் தெரியாது. இந்த அறியாமை சாதியை ஒழித்துவிடவில்லை. திருமணப் பேச்சு எழுந்ததும் அது கடல் கடந்து வந்து சேர்ந்தது. ஆனாலும் கழுவு தொட்டியின் முன் எட்டு மணிநேரம் அது செல்லாக்காசாகக் கிடந்தது.

அடுக்களைக் கதவைப் பற்றிச் சிந்தித்தோருள் இருவர் குறிப்பிடத்தக்கவர். பாரிஸ் ஹோட்டலொன்றில் கோப்பை கழுவிய ஜோர்ஜ் ஓர்வெல், 1933இல் வெளியிட்ட நூலில், அக்கதவின் ஒரு பக்கம் பளபளப்பும் மறுபக்கம் அழுக்கும் கூச்சலுமாக இருந்ததை விவரித்தார். 1943இல் சார்த்தர், கஃபேயில் பரிமாறுபவனின் மிகைப்பட்ட பணிவையும் துள்ளல் நடையையும் எடுத்துக்காட்டி, அவன் பரிமாறுபவனாக நடிக்கிறான், தன் சுதந்திரத்தைத் தானே மறைத்துக்கொள்கிறான் என்று வாதித்தார். கூர்மையான வாதந்தான். ஆனால் சார்த்தர் மேசையில் அமர்ந்திருந்து எழுதினார். ஓர்வெல் தொட்டியடியில் நின்றவர். கொட்டாஞ்சேனைக் கடையில் ‘தம்பி, ஒரு பிளேன்ரீ’ என்ற குரலுக்கு ஓடிவரும் மலையகத்துப் பையனிடம், நீ உன் சுதந்திரத்தை மறைத்து நடிக்கிறாய் என்று கூறினால் அவன் என்ன விடை சொல்வான்? நடிக்காவிட்டால் வேலை போய்விடும் என்பதே அவனது மெய்யியல். அவனுடைய பணிவு ஏமாற்று எனில், அந்த ஏமாற்றை விலைக்கு வாங்குபவர் எதிரே அமர்ந்திருக்கிறார்.

ஆகவே விலை கொடுத்தவன் எதை வாங்குகிறான் என்பதை வரையறுத்தல் அவசியமாகிறது. சோற்றை வாங்குகிறான், அமரும் இடத்தை அரைமணி நேரத்துக்கு வாங்குகிறான், சமைத்த உழைப்பின் ஒரு பகுதியை வாங்குகிறான். பரிமாறுபவனின் ஆளுமையை அவன் வாங்கவில்லை. ‘டேய்’ என்று விளிக்கும் உரிமை எந்தப் பற்றுச்சீட்டிலும் எழுதப்படவில்லை. சாதிக் கொடுமையை எதிர்த்து மேடையேறுவோர், பல்கலைக்கழகத்தினர் உட்பட, கடையில் அமர்ந்ததும் அவ்வுரிமையை எடுத்துக்கொள்வது விந்தை. மேசையில் விட்டுச்செல்லும் சில்லறை அதனை ஈடுசெய்வதில்லை. பிரான்சில் பரிமாறும் கட்டணம் விலையிலேயே அடக்கம். பரிமாறுபவன் தன் கூலிக்காக உண்பவனின் மனநிலையை நம்பியிருக்கவேண்டியதில்லை. கொழும்பில் அச்சில்லறை பழைய விருந்தோம்பலின் தலைகீழ் வடிவமாக நிற்கிறது: இங்கே கொடுப்பவன் தன் மனம்போல் கொடுக்கிறான், பெறுபவன் முகம் பார்த்து நிற்கிறான்.

பாரிஸ் பிஸ்ரோக்களில் ஒரு வழக்கம் உண்டு. நண்பகற் கூட்டம் வருமுன், பதினொரு மணியளவில், சமையற்காரரும் பரிமாறுவோரும் கோப்பை கழுவுவோரும் அதே மேசைகளில் ஒன்றாக அமர்ந்து உண்கின்றனர். கொழும்புக் கடைகளில் ஊழியர்களின் முறை பெரும்பாலும் கடைசியில் வருகிறது. கறிச் சட்டிகளின் அடியில் எஞ்சியதைப் போட்டு, அடுக்களை மூலையில் நின்றபடியோ கவிழ்த்த பெட்டியில் குந்தியபடியோ உண்டு முடிக்கையில் பிற்பகல் மூன்று மணி கடந்துவிடும். மாலை வடைக்கு உளுந்து அரைக்கும் வேலை அதற்குள் தொடங்கியிருக்கும்.