உயர்திணைப் பிள்ளைகளும் உயர்கல்விக் கூடங்களும்

தொல்காப்பியர் தம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே ஓர் அரிய வினாவை எதிர்கொள்கிறார். ஆண்பால், பெண்பால் என்னும் வரையறைக்குள் நேரே அடங்காத மாந்தரை எத்திணையில் வைப்பது என்பதே அவ்வினா. அவர்களை அஃறிணைக்குத் தள்ளிவிடுதல் எளிது. அவர் அவ்வாறு செய்யவில்லை. உயர்திணையுள் வைத்து, உயர்திணைக்குரிய வினைமுடிபையே அவர்களுக்கும் உரியதாக்கினார். அந்நாளில் அவர்களைக் குறித்த பெயர் பிற்காலத்தில் வசைச்சொல்லாகித் தெருவில் உருண்டது வேறு கதை. இன்று திருநங்கை, திருநம்பி என்னும் மதிப்பான பெயர்கள் நிலைபெற்றுவிட்டன. தன்பாலீர்ப்புடையார், ஊடுபால் உடலமைப்புடையார் முதலியோரையும் சேர்த்து, அவர்களை எவ்வாறு அழைக்க வேண்டும் என்பதற்கான சொற்பட்டியலொன்றைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழிலேயே வெளியிட்டது.

சொல் கிடைத்துவிட்டது; கல்லூரியில் இடம் கிடைத்ததா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுவது. அதனினும் நுட்பமான கேள்வியொன்றும் உண்டு. ஒரு பல்கலைக்கழகம் ஒரு மாணவரைச் சேர்த்துக்கொண்ட அளவிலேயே அதன் அறக்கடமை முடிந்துவிடுகிறதா? அன்றி, அவர் பொருட்டுத் தன் வீட்டின் அமைப்பையே சிறிது மாற்றிக்கொள்ள அது கடமைப்பட்டுள்ளதா?

கொள்ளேகாலில் வாழும் நமக்கு இவ்வாராய்ச்சி எதற்கு எனச் சில அன்பர்கள் வினவக்கூடும். நம்முள் பட்டுத் தறியை நம்பி வந்தோர் உண்டு. பணிமாற்றலில் வந்தோர் உண்டு. எங்கிருந்தும் வராமலே வந்தேறிகள் ஆனோரும் உண்டு. 1956 அக்டோபர் 31ஆம் நாள் வரை இவ்வூர் சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மறுநாள் விழித்தபோது மைசூர் மாநிலத்தில் இருந்தது. 1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலையொட்டிப் பெங்களூரிலும் மைசூர் வட்டாரத்திலும் தமிழருக்கெதிரான கலவரம் மூண்டபோது நம் வயதினர் சிறுவர்கள். "பேருந்தில் தமிழ் பேசாதே, பெயர் கேட்டால் மெல்லச் சொல்" என்று பெற்றோர் காதோடு சொல்லி அனுப்பிய தலைமுறை நம் தலைமுறை. தன் இயல்பை மறைத்துக்கொண்டு ஒரு வகுப்பறையில் அமர்ந்திருத்தல் யாது என்பதை நூல்களிலிருந்து கற்க வேண்டிய நிலையில் நாம் இல்லை.

எனினும் இவ்வொப்புமையை மிகைப்படுத்தலாகாது. அன்று நாம் மாலையில் வீடு திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டு வாயாரத் தமிழ் பேசினோம். அடுக்களையில் தாய் பேசியதும் அதுவே. ஆனால் தான் வேறாக இருப்பதை உணர்ந்த ஒரு பிள்ளைக்கு அந்த அடுக்களையும் இல்லை. கல்லூரியில் மறைத்ததை வீட்டில் இன்னும் ஆழமாக மறைக்க வேண்டும். சிறுபான்மையினருள் பிறர்க்குப் பெற்றோரே அயலாராதல் அரிது. இவர்களுக்கு அது நேர்கிறது. ஆதலின் ஏனையோர்க்குக் கல்லூரி கற்கும் இடம் மட்டுமே. இப்பிள்ளைகட்கோ அஃது அச்சமின்றி மூச்சுவிடும் முதல் இடமாகவும் ஆக வேண்டியிருக்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் பகடிவதைத் தடுப்பு விதிகளை இயற்றியது. 2016இல் அதனைத் திருத்தி ஒரு நீண்ட வாக்கியத்தைச் சேர்த்தது. நிறம், இனம், சமயம், சாதி, பாலினம், திருநர் நிலை, பாலீர்ப்பு, தோற்றம், பிறந்த வட்டாரம், மொழி அடையாளம், பொருளாதார நிலை ஆகியவற்றுள் எதன் பொருட்டும் ஒரு மாணவரை இழிவுபடுத்துவதும் ஒதுக்குவதும் பகடிவதையே என்பது அதன் சாரம். அலுவலகத்தில் விதிகளை வரிவரியாகப் படித்துப் பழகிய நமக்கு இவ்வரி வியப்பளித்தது. மைசூரில் படிக்கும் நம் பிள்ளையின் கன்னட உச்சரிப்பை ஒருவன் எள்ளினால் அவனைத் தடுக்கும் அதே வாக்கியந்தான், நடையைப் பார்த்தும் குரலைக் கேட்டும் இன்னொரு பிள்ளையை எள்ளுபவனையும் தடுக்கிறது. பாதி வாக்கியத்தை நமக்கென எடுத்துக்கொண்டு மறுபாதியை அடித்துவிட நமக்கு ஏது உரிமை?

விதி இருப்பது வேறு, அது பயன்படுவது வேறு. விண்ணப்பப் படிவத்தையே எடுத்துக்கொள்வோம். மைய அரசு எழுத்தராக நாம் நாள்தோறும் காண்பது இது: சான்றிதழில் ஒரு பெயரும் விண்ணப்பத்தில் வேறொரு பெயரும் இருப்பின் அக்கோப்பு திரும்பிவிடும். ஒரு முதலெழுத்து மாறினாலே வருகிற இடர் பெரிது. பெயரும் பாலும் இரண்டும் மாறிய ஒருவர், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் தொடங்கிப் பட்டச் சான்றிதழ் வரை எத்தனை மேசைகளின் முன் நின்று தம் வாழ்வை விளக்க வேண்டும்! சென்னை உயர்நீதிமன்ற நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7ஆம் நாள் அளித்த உத்தரவு இந்த இடத்தைத்தான் தொட்டது. கல்விச் சான்றிதழ்களில் பெயரையும் பாலினத்தையும் மாற்ற வழி, விண்ணப்பத்தில் மூன்றாவது கட்டம், எப்பாலாரும் பயன்படுத்தத்தக்க கழிப்பிடம், இவர்களைப் புரிந்துகொள்ளும் ஆற்றுப்படுத்துநர் ஆகியவை பள்ளி கல்லூரிகளில் வேண்டும் என அது பணித்தது. மதுரையிலிருந்து சென்னைக்கு அடைக்கலம் தேடி வந்த இளம்பெண்கள் இருவர், பெற்றோரிடமிருந்தும் காவல்துறையிடமிருந்தும் பாதுகாப்புக் கேட்ட வழக்கு அது. தீர்ப்புரைக்குமுன் நீதியரசர், தமக்கு இப்பொருளில் போதிய தெளிவில்லை எனத் திறந்தே கூறி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து பாடம் கேட்டார். நம் பேராசிரியப் பெருமக்கள் எத்துணைப் பேர் அவ்வாறு கேட்பர்?

தன்பாலீர்ப்புடைய மாணவர்க்கு வேண்டுவது புதிய கட்டமன்று. 2018 செப்டம்பர் 6ஆம் நாள் உச்சநீதிமன்றத் தீர்ப்பால் அவர்தம் அன்பு குற்றமென்னும் நிலை நீங்கியது. ஆயினும் அவரிடம் கல்லூரி ஆற்றுப்படுத்துநர் கேட்டதை மறுநாளே தந்தைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவாராயின் அத்தீர்ப்பால் பயனென்ன? இவ்விடத்தில் வாய்மூடி இருத்தலே பேருதவி. பாடநூலின் நாவும் அடங்க வேண்டும். மருத்துவக் கல்லூரிப் பாடத்திட்டத்தில் பெண்பாலீர்ப்பை இயற்கைக்கு மாறான குற்றங்களின் வரிசையில் வைத்திருந்தனர். அது 2022இல் நீக்கப்பட்டது. 2024இல் மீண்டும் நுழைந்தது. எதிர்ப்பெழவே சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டது. தன்னைக் குற்றமாக வகைப்படுத்தும் நூலை மனப்பாடம் செய்து தேர்வெழுதும் மாணவியின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

திருநர் மாணவர்க்கோ முதல் இடர் பொருளிடர். 2011 மக்கட்தொகைக் கணக்கில் ஆண், பெண் அல்லாத பிரிவில் பதிவானோர் 4,87,803 பேர். அவர்களுள் எழுத்தறிந்தோர் சுமார் 56 விழுக்காடு. நாட்டின் பொதுநிலையோ ஏறத்தாழ 73. கிரேஸ் பானு அவர்கள், தம் பள்ளி நாட்களில் பிறர் வந்தபின் வரவும் பிறர் செல்லுமுன் செல்லவும் பணிக்கப்பட்டதைப் பொதுவெளியில் கூறியுள்ளார். அவ்வாறு துரத்தப்பட்டும் மீண்டு வந்து பொறியியல் பட்டம் பெற்றவர் அவர். எல்லாரிடமும் அவ்வுரத்தை எதிர்பார்த்தல் அறமாகாது. வீடு கைவிட்டபின் கட்டணம் கட்டுவார் யார்? சென்னைப் பல்கலைக்கழகம் 2022இல் தன் இணைப்புக் கல்லூரிகளில் திருநர்க்கு இலவச இடம் அறிவித்தது. தமிழ்நாடு அரசு 2024 வரவுசெலவுத் திட்டத்தில் உயர்கல்வி பயிலும் திருநரின் கல்வி, விடுதிக் கட்டணங்களைத் தானே ஏற்பதாகக் கூறியது. நம் கர்நாடகத்திலோ, 2024 டிசம்பரில் உயர்நீதிமன்றத் தனி நீதிபதி ஒருவர், பெங்களூர்த் தேசியச் சட்டப் பள்ளியில் திருநர்க்கு 0.5 விழுக்காடு இடைக்கால ஒதுக்கீடும் கட்டண விலக்கும் அளிக்கப் பணித்தார். பல்கலைக்கழகம் மேல்முறையீட்டுக்குச் சென்றது. இவர்களைக் கல்வியில் பிற்பட்டோராகக் கருதி ஒதுக்கீடு தருக என உச்சநீதிமன்றம் உரைத்தது 2014இல் என்பதை நினைவிற் கொண்டால், பத்தாண்டுகள் எங்கே போயின என்று கேட்கத் தோன்றும்.

"விடுதியில் நம் பெண்பிள்ளைகளின் நிலை என்னாவது?" எனப் பெரியவர்கள் கேட்பதை நாம் எள்ளி ஒதுக்கவில்லை. மகளை வெளியூர் அனுப்பும் எத்தாய்க்கும் அவ்வச்சம் உண்டு. ஆனால் நடந்தது யாது? மும்பை டாடா சமூகவியல் நிறுவனம் பாற்பொதுமை விடுதியொன்றைத் திறந்தது. ஐதராபாத்திலுள்ள நல்சார் சட்டப் பல்கலைக்கழகம் 2022இல் விடுதியின் ஒரு தளத்தை அவ்வாறு ஒதுக்கியது. விரும்பியோர்க்கே அவ்வறைகள். நம் மகளின் அறை நம் மகளுக்கே இருக்கிறது. அறையே இல்லாதிருந்த ஒருவர்க்கு அறை கிடைத்தது, அவ்வளவே. இஃது நம் பண்பாட்டுக்கு அயலானது என்பாரிடம் தொல்காப்பியத்தைக் காட்டுவதன்றி வேறு வழக்காட நாம் விரும்பவில்லை.

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பயின்ற லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு 2007இல் தமிழில் வந்தது. அது கன்னடத்துக்குச் சென்று, "நானு அவனல்ல, அவளு" என்னும் திரைப்படமாயிற்று. அதில் நடித்த சஞ்சாரி விஜய்க்கு 2015இல் தேசிய விருது அறிவிக்கப்பட்டது. நம் வீட்டுப் பெண்ணொருத்தியின் கதையைக் கன்னடர் தம் கதையாகக் கொண்டாடினர். அந்நூலை நம் வீடுகளில் எத்துணைப் பேர் படித்திருப்போம் என்பது ஐயமே.

கல்லூரி விண்ணப்பங்களைப் பற்றி இவ்வளவு எழுதியபின் நம் சங்கம் ஆண்டுதோறும் அளிக்கும் கல்விப் பரிசுக்கான படிவத்தையும் எடுத்துப் பார்த்தோம். "உறுப்பினரின் மகன் / மகள்" என்றே அதில் அச்சாகியுள்ளது. அவ்விடத்தில் "பிள்ளை" என ஒரு சொல் இட்டால் போதும். வரும் ஆண்டுப் படிவம் அச்சகத்துக்குச் செல்லுமுன் செயற்குழு இதனைக் கருத வேண்டும் எனச் செயலாளருக்கு எழுதியுள்ளோம்.