கைவிடுவதா, கூட இருப்பதா?

"ஹாஸ்பிஸ்ல சேர்த்துட்டாங்களாம்." சிராங்கூன் சாலைக் கோயில்களில் பெரியவர்கள் இப்படிப் பேசும்போது அடுத்த வரியும் கூடவே வரும்: "பெத்தவங்களைக் கைவிட்டுட்டாங்க." அந்திமகாலப் பராமரிப்பை நாடினால் பிள்ளையின் தர்மத்திலிருந்து நழுவுகிறோமா? நண்பர்களே, தீர்ப்புச் சொல்வதற்கு முன் அது என்னவென்று பார்ப்போம்.

சிங்கப்பூரில் இது 1985-இல், செயின்ட் ஜோசப்ஸ் இல்லம் ஒதுக்கிய 16 படுக்கைகளோடு தொடங்கியது. இன்று இதில் மூன்று நிலைகள் உண்டு.

முதலாவது, இல்லப் பராமரிப்பு. நோயாளி தன் வீட்டிலேயே இருப்பார். மருத்துவரும் தாதியும் தேடி வந்து வலியைக் குறைப்பார்கள், குடும்பத்துக்கும் சொல்லிக் கொடுப்பார்கள். பொதுவாக ஓராண்டுக்குள் ஆயுள் முடியலாம் என்று மருத்துவர் கருதுபவர்களுக்கு இது கிடைக்கும். 1989-இல் தொடங்கிய எச்சிஏ அமைப்பு இதை இலவசமாகவே செய்கிறது.

இரண்டாவது, பகல்நேரப் பராமரிப்பு. காலையில் நிலையத்துக்குப் போய் மாலையில் வீடு திரும்பலாம். பிள்ளைகள் வேலைக்குப் போகும் வீடுகளுக்கு இது பெரிய உதவி.

மூன்றாவது, தங்கிப் பெறும் பராமரிப்பு. டோவர் பார்க், அசிசி போன்ற ஹாஸ்பிஸ்கள் இதற்கானவை. பொதுவாக மூன்று மாதத்துக்குள் முடிவு வரலாம் என்ற நிலையில், வீட்டில் அடக்க முடியாத வலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் இங்கே சேர்ப்பார்கள். நிலைமை சீரானால் வீட்டுக்குத் திரும்புவதும் உண்டு.

ஆக, "வீடா, ஹாஸ்பிஸா" என்ற கேள்வியே சரியில்லை. அன்பு இருந்தா போதும்னு நினைக்கிறோம். ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மா வலியில் துடிக்கும்போது அன்போடு மருந்தும் வேண்டும், அதைக் கொடுக்கத் தெரிந்த கையும் வேண்டும். அந்தக் கையைத் தேடிப் போவதும் சேவைதான்.

என்னைக் கேட்டால், கைவிடுவது வேறு இடத்தில் நடக்கிறது. "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்" என்கிறோமே, அங்கே. பாகவதத்தில் பரீட்சித்து மன்னனுக்கு ஏழு நாளில் மரணம் என்று தெரிகிறது. அவர் மகனிடம் அரசை ஒப்படைத்துவிட்டு, கங்கைக் கரையில் அமர்ந்து சுகரிடம் கதை கேட்கிறார். சாபத்தை யாராவது அவரிடமிருந்து மறைத்திருந்தால்? பாம்பு எப்படியும் வந்திருக்கும். அந்த ஏழு நாள் மட்டும் அவருக்குக் கிடைத்திருக்காது.

உண்மையைக் கேட்டால் மனசு உடைஞ்சிடுமே என்பீர்கள். நியாயமான பயம்தான். எல்லாரும் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள விரும்புவதும் இல்லை. அதனால் திணிக்க வேண்டாம். "எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்கலாம். முடிவை அவரிடமே விடுவதுதான் மரியாதை.

நோய் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடல் என்ற ஏற்பாடு இங்கே உண்டு. வீட்டில் எல்லாரும் நலமாக இருக்கும்போதே, சாப்பாட்டு மேசையில் ஒருமுறை கேளுங்கள்: "அப்பா, முடியாமப் போனா உங்களுக்கு எது முக்கியம்?" பதில் வர நேரமாகலாம். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.